அரைப் பக்கத்தில் மாடே இல்லை

நான் இதுவரை எழுதியவற்றிலேயே சிறந்த கடிதத்தை என் கையாலேயே குறுக்குக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். அடிக்கச் சொன்னது வாத்தியார் இல்லை. அது யார் பெயரில் திருத்தப் போக இருந்ததோ, அவளே சொன்னாள். அதுவும் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை அறையில், தலைமையாசிரியை, கண்காணிப்பாளர், பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டு வந்த அக்கா ஆகியோர் பார்த்துக்கொண்டு நிற்க. வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த அதிர்ச்சி மட்டும் இன்னும் என் உடம்பை விட்டு முழுதாக இறங்கவில்லை. "எழுதினதக் கொஞ்சம் படிச்சுக் காட்டு" என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால்கூட தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறேன்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. கேரள எல்லைக்குள் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, படிப்பு தமிழ் மீடியம். எதிர் வீட்டு ரேவதியக்கா பத்தாம் வகுப்பு. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளுக்குப் படிப்பதிலும் எழுதுவதிலும் மட்டும்தான் சிக்கல். எழுத்துகள் சொன்ன இடத்தில் நிற்காது என்பாள். ஒரு வரியைப் படித்துக்கொண்டே போனால் பாதியில் வழுக்கி அடுத்த வரியில் போய் விழுந்துவிடும். வாயால் கேட்டால் எதையும் சொல்வாள். எங்கள் தெருவில் எந்த மாடு எப்போது சினை பிடித்தது, எப்போது கன்று போடும், எதற்கு எந்தத் தீவனம் ஒத்துக்கொள்ளாது என்று நாள் கணக்கோடு சொல்வாள். எட்டாம் வகுப்பு வரை பள்ளியில் அவளுக்கு மக்கு என்றுதான் பெயர்.

பிறகு லில்லி டீச்சர் வந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே வந்த சிறப்பு ஆசிரியை. அவர்தான் ரேவதியக்காவை மருத்துவக் குழுவிடம் கூட்டிப்போய், இது கற்றல் குறைபாடு, மக்குத்தனம் இல்லை என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு. சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளும் உண்டு. அந்த ஆள் ஒரு வகுப்பாவது கீழே படிப்பவராக இருக்க வேண்டும். (அப்போதுதான் சொந்த மூளையைக் கலக்காமல் எழுதுவார்கள் என்று அரசாங்கத்துக்கு ஒரு நம்பிக்கை. அரசாங்கத்துக்கு என்னைத் தெரியாது.)

லில்லி டீச்சர் ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேரை அழைத்து, ரேவதியக்கா முன்னால் நிறுத்தி, உனக்கு யார் வேண்டும் என்று அவளிடமே கேட்டார். அவள் எங்கள் மூன்று பேரின் நோட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினாள்.

வகுப்பில் முதல் மாணவியான என்னைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அம்மா தெரு முழுக்கச் சொன்னார். இரண்டு நாளில் சொசைட்டியில் பால் ஊற்றப் போகும் பெண்கள் என்னை நிறுத்தி, "ஏஞ்சாமி சௌமியா, நீதான் ரேவதிக்குப் பரீட்ச எழுதறயாமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "ஆமாங்க, எப்படியாவது பாசாக்கி உட்டறனுங்க" என்று நான் பதில் சொன்னேன். அறுவை சிகிச்சைக்குப் போகும் டாக்டர்கூட அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டார்.

அதோடு விட்டேனா. பத்தாம் வகுப்புப் புத்தகங்களை வாங்கி நானே படிக்கத் தொடங்கினேன். என்னுடைய ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை அதே மாதத்தில் இருந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஒரு நோட்டில் அழகான வாக்கியங்களாகச் சேர்த்து வைத்தேன். 'கவிஞரின் கற்பனை வானளாவியது.' 'சொல்லோவியமாய் மிளிர்கிறது.' எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற மாதிரி இருபது முப்பது இருந்தன.

பரீட்சைக்கு முன்னால் லில்லி டீச்சர் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். அவள் சொல்வதை மட்டும் எழுத வேண்டும், சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது, தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுத வேண்டும் என்றார். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நானும் தலையாட்டிக்கொண்டே போட்டுக் கொடுத்தேன். இந்த விதியெல்லாம் சாதாரண ஆட்களுக்கு என்று மனதுக்குள் ஓடியது.

முதல் நாள் தமிழ். எங்கள் இருவருக்கும் தனி அறை. கண்காணிப்பாளராக வந்தவர் வேறு பள்ளிக்கூடத்து சசி மாஷ். மலையாளக்காரர் (மாஷ் என்றால் வாத்தியார்). தமிழ் மீடியம் பிள்ளைகளோடு பழகிப் பழகித் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டவர். எழுத்துக்கூட்டி நிதானமாகப் படிப்பார். (இந்த நிதானம் பின்னால் என்னைக் கொன்றது.)

முதல் கால் மணி நேரம் வினாத்தாளைப் படிக்க மட்டும்தான். எதுவும் எழுதக் கூடாது. நான் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துச் சொன்னேன். ரேவதியக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு கேள்வியைக்கூட இரண்டாம் முறை படிக்கச் சொல்லவில்லை.

சின்னக் கேள்விகளில் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவள் 'சொன்னாங்க' என்றால் 'கூறினார்' என்று எழுதினேன். 'ரொம்ப' என்றால் 'மிகவும்'. இது பாவமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படித்தான் ஆரம்பிக்கும்.

அடுத்து, மழையைப் பற்றி ஒரு கவிதையைக் கொடுத்து, அதன் நயத்தைப் பாராட்டி எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் இரண்டு முறை உணர்ச்சியோடு வாசித்தேன். ரேவதியக்கா சொன்ன பதில் இதுதான்: "இவரு மழைய ஜன்னல்ல நின்னு பாத்திருக்காரு. மாட்டுக் கட்டுத்தாரையில நின்னு பாத்திருந்தா வேற மாதிரி எழுதியிருப்பாரு. மழைக்கு மாடு வெரசா உள்ள வராது. சாணி வழுக்கும். ஆனா அந்த மண்ணு வாசம்னு சொல்றாரு பாரு, அது மட்டும் நெசம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவிஞரைப் போய் இப்படிச் சொல்லலாமா. தாளைத் திருத்துகிறவர் என்ன நினைப்பார். சாணி என்ற சொல்லை எஸ்.எஸ்.எல்.சி. விடைத்தாளில் எழுத என் பேனா மறுத்தது. 'கவிஞரின் கற்பனை வானளாவியது' என்று தொடங்கி எட்டு வரி எழுதினேன். ரேவதியக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

பிறகுதான் அந்தக் கடிதம். உன் எதிர்கால விருப்பத்தைப் பற்றித் தோழிக்கு எழுதுக என்று கேட்டிருந்தார்கள். ரேவதியக்கா இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் சொன்னது எனக்கு இன்னும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"எனக்கு அஞ்சு மாடு வேணும். அப்பா மாடு இல்ல, என்ற மாடு. சொசைட்டியில என்ற பேருல கார்டு இருக்கோணும். மாட்டுக்கு ஊசி போடறதப் படிக்கோணும். எங்கூட்டுல எல்லாரும் என்னயத் தையலுக்கு அனுப்பறேங்கறாங்க. எனக்கு ஊசியில நூலு கோக்கப் புடிக்காது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா. எனக்கு அவள் மேல் இரக்கம் பொங்கியது. பாவம், ஆசைப்படக்கூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். எழுதத் தொடங்கினேன். 'அன்புள்ள தோழி, என் இதய வானில் ஒரு லட்சிய விண்மீன் சுடர்கிறது. நான் மாவட்ட ஆட்சியராகி, ஏழை எளியவர்களின் கண்ணீரைத் துடைப்பேன்...' கை நிற்கவே இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சரளமாக நான் எழுதியதில்லை. அரைப் பக்கம் முடிந்து, 'இப்படிக்கு, என்றும் உன் அன்பை மறவாத' என்று வந்தபோது என் கண்ணே கலங்கியது.

நிமிர்ந்தேன். ரேவதியக்கா ஜன்னலைப் பார்க்கவில்லை. என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாஞ் சொல்லி நிறுத்தி எத்தன நேரமாச்சு. இன்னும் என்ன எழுதற?"

"கடிதம்னா முன்னாடி பின்னாடி சேக்கோணுமுங்க்கா" என்றேன்.

அவள் விடைத்தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பயமே இல்லை. அவளுக்குத்தான் படிக்க வராதே. (அந்த வயதில் நான் எப்படிப்பட்டவள் என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.) அவள் ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்து மெதுவாக நகர்த்தினாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. கடைசி வரை போய், திரும்ப மேலே வந்தாள்.

"மாடு எங்க?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "மாடுங்கற எழுத்து எனக்குத் தெரியும். சொசைட்டி கார்டுல தெனம் பாக்கறேன். மூணு நாலு வாட்டி சொன்னேன். இதுல ஒண்ணுகூட இல்ல. எங்க போச்சு?"

நான் எவ்வளவோ யோசித்திருந்தேன். அரைப் பக்கத்தைப் படிக்க முடியாத ஒருத்தி ஒரே ஒரு வார்த்தையைத் தேடிப் பார்ப்பாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் ரேவதியக்கா கையைத் தூக்கிவிட்டாள். சசி மாஷ் எழுந்து வந்தார். தான் சொன்னதை அவரிடம் மறுபடி ஒரு முறை சொல்லிவிட்டு, இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள்.

சசி மாஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "என்… இதய… வானில்… ஒரு… லட்சிய… விண்… மீன்…" ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு பேருந்து போகிற அளவுக்கு இடைவெளி. மாவட்ட ஆட்சியர் வந்தார், ஏழைகள் வந்தார்கள், கண்ணீர் துடைக்கப்பட்டது. நான் மேஜைக்கடியில் இருந்த என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரியையும் படித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, மகளிடம் பேசுவது போல மிகவும் வருத்தமாகச் சொன்னார்:

"இதில் மாடு இல்லல்லோ, மோளே."

தலைமையாசிரியையை அழைத்து வந்தார்கள். நான் மனதுக்குள் என் வாழ்க்கையை முடித்துவிட்டேன். போலீஸ் வண்டி வரும், பத்திரிகையில் படம் வரும், அம்மா பொள்ளாச்சிக்குக் குடிபோய்விடுவார். தலைமையாசிரியை கடிதத்தை வாங்கிப் படித்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. ரேவதியக்காவைத் தனியாகக் கூப்பிடுவது போல் குனிந்து, சொன்னது வேறு என்றாலும் கடிதம் நன்றாக இருக்கிறதே, நல்ல மார்க் வருமே, இப்போது இதைப் பெரிதாக்கினால் நேரம் போகுமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு ஒரு நொடி உயிர் திரும்பியது.

ரேவதியக்கா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்டு நான் அறிந்ததில்லை.

"நல்லா இருக்குதுங்க டீச்சர். ஆனா அது சௌமியாவோட ஆசைங்க. மார்க்கு வந்தாலும் அவளுக்கு வந்த மாதிரிதானுங்க. நான் பெயிலானாலும் நானே ஆயிக்கறனுங்க."

தண்ணீர் கொண்டு வந்த அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றுவிட்டார். தலைமையாசிரியை கடிதத்தை மேஜை மேல் திருப்பி வைத்தார். பிறகு, சரி, உனக்கு எப்படி வேண்டுமோ அப்படிச் செய்யலாம், எழுத வேறு ஆள் வேண்டுமா என்று கேட்டார். நான் ரேவதியக்காவைப் பார்த்தேன். வேறு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட மாட்டாளா, நான் எங்காவது ஓடிப்போய் ஒளிந்துகொள்ள மாட்டேனா என்று ஏங்கினேன்.

"இவளே எழுதட்டுங்க" என்றாள். "எழுத்து பளிச்சுனு இருக்குது. சார் மட்டும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கட்டும்."

அந்த ஒன்றரை மணி நேரம் எதிரிக்கும் வரக் கூடாது. ஒரு பக்கம் ரேவதியக்கா, மறுபக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த சசி மாஷ், நடுவில் நான். முதலில் கடிதத்துக்குக் குறுக்குக் கோடு. அடுத்து, முந்தைய பக்கத்தையும் மாஷ் படித்துக் காட்டியதும், வானளாவிய கற்பனைக்கு இன்னொரு கோடு. அந்தக் கோட்டைப் போடும்போது சசி மாஷ் என் தலையை லேசாகத் தட்டிக் கொடுத்தார். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. பிறகு அவள் முதலிலிருந்து சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக, நான் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து. சாணி என்று எழுதினேன். மாடு என்று எழுதினேன். எழுதும்போதெல்லாம் அவள் விரல் அந்தச் சொல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஏறுவதற்கு முன்பே செய்தி ஊருக்குப் போயிருந்தது. வாசலில் நின்ற அம்மா என்னை உள்ளேகூட விடவில்லை. "அந்தப் புள்ளயோட வாய்ப் பேச்சுக்குப் பேனா புடிக்கத்தான உன்னயக் கூப்பிட்டாங்க. கலெக்டரு உத்தியோகத்த ஆரு கேட்டா?" என்றார். எதிர் வீட்டில் ரேவதியக்காவின் அப்பா மாட்டைக் கட்டிக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பாமல் நின்றார். தையல் வகுப்பு விஷயம் பரீட்சைத் தாளில் ஏறிய செய்தி அவருக்கும் வந்துவிட்டிருந்தது. அவருடைய அதிர்ச்சி என்னுடையதைவிடச் சின்னது இல்லை என்று இப்போது தோன்றுகிறது. மகள் ஒரு முடிவோடு இருக்கிறாள் என்பதையே அவர் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்.

நான் அன்று சாப்பிடவில்லை. அடுத்த பரீட்சைக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று உறுதியாக இருந்தேன். விடிந்ததும் ரேவதியக்கா பால் பாத்திரத்தோடு எங்கள் வாசலில் நின்றாள். நாளை மதியம் இங்கிலீஷ், நேரத்துக்கு வந்துவிடு என்றாள். நான் அழுதுவிட்டேன். என்மேல் இவ்வளவு நம்பிக்கையா, ஏன் என்னையே கூப்பிடுகிறாய் என்று கேட்டேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"உன்ற கையெழுத்து மத்தவங்களுக்குப் புரியுது. அதுக்குத்தான் கூப்பிட்டேன். உன்னய யோசிக்க நான் எப்பக் கூப்பிட்டேன்?"

அறிவுக்குக் கிடைத்த மரியாதை அத்தோடு முடிந்தது. லில்லி டீச்சரும் என்னைத் திட்டவில்லை. பழைய கையெழுத்துத் தாளை எடுத்து முன்னால் வைத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். மூன்று முறை. பிறகு மீதிப் பரீட்சைகள் எல்லாவற்றையும் எழுதினேன். கணக்கில் அவள் ஒரு விடையைத் தப்பாகச் சொன்னாள். தப்பாகவே எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டு நான் செய்த மிகப் பெரிய தியாகம் அது.

ரேவதியக்கா பாசானாள். தமிழில் பெரிய கிரேடு ஒன்றும் இல்லை. உயிரியலில் எல்லோரும் வாயைப் பிளக்கிற மாதிரி வாங்கினாள். தையல் வகுப்புக்குப் பணம் கட்டத் தயாராக இருந்த அப்பாவோடு பத்து நாள் பேசாமல் இருந்து, லில்லி டீச்சரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கால்நடை வளர்ப்பு சொல்லித் தரும் தொழிற்கல்விப் பிரிவில் சேர்ந்தாள். ஆரம்பத்தில் அங்கேயும் தடுமாறினாள், ஒரு பருவம் தோற்றாள், வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். ஆனால் தோற்றதை அவளே அப்பாவிடம் சொன்னாள், மறுபடி எழுதுவேன் என்பதையும் அவளே சொன்னாள். இப்போது அவளிடம் ஏழு மாடுகள். சுற்று வட்டாரத்தில் யார் மாடு சுணங்கிப் படுத்தாலும், டாக்டரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று முதலில் அவளைத்தான் கேட்கிறார்கள். நோட்டில் குறிப்பு எழுதுவதில்லை. போனில் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறாள். முன்பு தலையைக் குனிந்து நடந்தவள் இப்போது ஸ்கூட்டரில் போகும்போது ஹாரன் அடித்துக் கூப்பிடுகிறாள்.

எனக்கு அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். அதனால் உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிளஸ் டூ முடிந்ததும் அப்பா கோயமுத்தூரில் இன்ஜினியரிங் என்றார், சேர்ந்தேன். அங்கே சொந்த மூளையால் எழுதி மூன்று பாடத்தில் தோற்றேன். இரண்டாவது வருஷம் ஊருக்கு ஓடி வந்து, எனக்கு இது பிடிக்கவில்லை என்று முதன்முதலாகச் சொன்னபோது எனக்கு வயது பத்தொன்பது. ரேவதியக்கா அதைப் பதினாறிலேயே பரீட்சைத் தாளில் எழுத வைத்துவிட்டாள். இப்போது கொழிஞ்சாம்பாறையில் கணினி மையம் ஒன்றில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். (சிரிக்காதீர்கள். எனக்குப் பிடித்துத்தான் செய்கிறேன்.)

திருந்திவிட்டேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன வருஷம் எனக்குக் கல்யாணம். அதைப் பதிவு செய்யப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனோம். விண்ணப்பத்தை நானே நிரப்பியிருந்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட ரேவதியக்கா வந்தாள். அவள் பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குமாஸ்தாவிடம், முழுசாக ஒரு தடவை படித்துக் காட்டினால்தான் போடுவேன் என்றாள். அவருக்கு எரிச்சல். இருந்தாலும் படித்தார். மணமகன் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் சரி. தொழில் என்ற இடத்துக்கு வந்தார்.

"போக்குவரத்து மேலாளர்."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஓட்டுவது பால் வண்டி.

ரேவதியக்கா பேனாவை மூடி மேஜை மேல் வைத்தாள். கோபமெல்லாம் இல்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, ஏனுங்க மாப்பிள்ளை, இவளைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவில்லை போலிருக்கிறது என்று ஆரம்பித்து, பரீட்சை அறைக் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். லட்சிய விண்மீன் உட்பட. குமாஸ்தா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். புது விண்ணப்பம் வாங்கி, பால் வண்டி ஓட்டுநர் என்று எழுதி, படித்துக் காட்டிய பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, எழுத்து எழுத்தாக.

அன்றிலிருந்து என் மாமியார் வீட்டில் நான் எதையும் இயல்பாகச் சொல்ல முடிவதில்லை. பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு இருநூறு பேர் வந்தார்கள் என்றாலும் சரி, வழியில் யானை மறித்தது என்றாலும் சரி, என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்கிறார்:

"இதுல மாடு இருக்குதா, இல்லயா?"